முதுமையில் இடுப்பு எலும்பு முறிவு: தற்செயலான விபத்தா, தடுக்கக்கூடிய நோயா?

பிரிட்டனில் ஆண்டுதோறும் 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முதியவர்கள் இடுப்பு எலும்பு முறிந்த நிலையில் மருத்துவமனைகளில் சேர்க்கப்படுகிறார்கள். கடந்த இருபது ஆண்டுகளில் இவர்களுக்கான அறுவைச் சிகிச்சையும் அதற்குப் பிந்தைய பராமரிப்பும் பெரிதும் மேம்பட்டுள்ளன. ஆனால் அந்த முறிவு நேராமல் தடுப்பதில் அதே அளவு முன்னேற்றம் ஏற்படவில்லை.

இடுப்பு எலும்பு முறிவு என்று பொதுவாகக் கூறப்பட்டாலும், உண்மையில் முறிவது இடுப்பெலும்பு அல்ல. தொடை எலும்பின் மேல்முனை இடுப்பின் கிண்ணம் போன்ற குழியில் பொருந்தும் இடத்திற்கு அருகே, கழுத்துப் போலக் குறுகியிருக்கும் பகுதியிலோ அதற்குச் சற்றுக் கீழேயோ அந்த எலும்பு உடைகிறது. உடலின் எடை முழுவதையும் காலுக்குக் கடத்தும் இடம் அது. எனவே அது உடைந்தவரால் பெரும்பாலும் எழுந்து நிற்க முடிவதில்லை. அறுவைச் சிகிச்சை இன்றி அவர் மீண்டும் நடப்பதும் அரிது.

இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவற்றின் தேசிய இடுப்பு முறிவுத் தரவுத்தளத்தின் பதிவுகளின்படி, இவ்வாறு பாதிக்கப்படுவோரின் சராசரி வயது 80-ஐத் தாண்டுகிறது. ஏறக்குறைய நான்கில் மூவர் பெண்கள். பிரிட்டிஷ் தேசிய சுகாதார வழிகாட்டு நிறுவனமான நைஸ் 2011ஆம் ஆண்டு தனது வழிகாட்டுதலை வெளியிட்டபோது, பாதிக்கப்பட்டவர்களில் சுமார் பத்தில் ஒருவர் ஒரு மாதத்திற்குள்ளும், சுமார் மூன்றில் ஒருவர் ஓராண்டிற்குள்ளும் இறந்துவிடுவதாகக் குறிப்பிட்டது. மருத்துவச் செலவையும் சமூகப் பராமரிப்புச் செலவையும் சேர்த்து, பிரிட்டனுக்கு ஆண்டுக்குச் சுமார் 200 கோடி பவுண்டுகள் செலவாவதாகவும் அது மதிப்பிட்டது.

இந்த இறப்புகளில் பெரும்பாலானவை முறிவினால் மட்டுமே நேர்வன அல்ல. இதய நோய், நுரையீரல் தொற்று, மறதி நோய் போன்றவற்றால் ஏற்கெனவே தளர்ந்திருக்கும் உடலை இந்த முறிவு மேலும் சாய்த்துவிடுகிறது. உயிர் பிழைத்தவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேர் முன்பிருந்த நடமாட்டத்தை முழுமையாகத் திரும்பப் பெறுவதில்லை. அதுவரை தானே சமைத்து, கடைக்குச் சென்று வந்த ஒருவர், அதன் பின்னர் பிறர் துணையின்றிக் குளியலறைக்குச் செல்ல இயலாதவராகிவிடக்கூடும்.

உலக அளவில் எத்தனை பேர்?

1990ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 16 லட்சத்து 60 ஆயிரம் இடுப்பு முறிவுகள் நேர்ந்ததாக 1992ஆம் ஆண்டு வெளியான மதிப்பீடு ஒன்று தெரிவித்தது. 2050ஆம் ஆண்டில் அந்த எண்ணிக்கை 62 லட்சத்தைத் தாண்டக்கூடும் என்றும், அதிகரிப்பின் பெரும்பகுதி ஆசியாவில் இருக்கும் என்றும் அது கணித்தது.

2023ஆம் ஆண்டு வெளியான, 19 நாடுகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்த மற்றோர் ஆய்வு, இந்தப் படத்தைச் சற்றே மாற்றியமைத்தது. குறிப்பிட்ட வயதினரிடையே முறிவு நேரும் விகிதம் பல நாடுகளில் குறைந்து வருகிறது என்பது அதன் ஒரு முடிவு. ஆயினும் முதியவர்களின் எண்ணிக்கை பெருகிக்கொண்டே போவதால், முறிவுகளின் மொத்த எண்ணிக்கை 2018-ஐ விட 2050இல் ஏறக்குறைய இருமடங்காகும் என்பது அதன் மறு முடிவு. முறிவுக்குப் பின் ஓராண்டிற்குள் இறப்பவர்களின் விகிதம் இந்த நாடுகளிடையே சுமார் 14 சதவீதத்திலிருந்து 28 சதவீதம் வரை வேறுபட்டது. பெண்களே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள் என்றாலும், பாதிக்கப்பட்ட ஆண்கள் இறக்கும் வாய்ப்புக் கூடுதலாக இருந்தது.

எலும்பு ஏன் வலுவிழக்கிறது?

எலும்பு உயிருள்ள திசு. பழைய எலும்பை அரித்து அகற்றும் அணுக்களும், அந்த இடத்தில் புதிய எலும்பைக் கட்டும் அணுக்களும் வாழ்நாள் முழுவதும் இயங்கிக்கொண்டிருக்கின்றன. இளமையில் கட்டுமானம் முந்துகிறது. நடுவயதிற்குப் பின்னர் அரிமானம் முந்தத் தொடங்குகிறது.

பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு ஈஸ்ட்ரோஜன் சுரப்பு குறைவதால் அரிமானம் திடீரென விரைவடைகிறது. எலும்பின் உட்புறம் தேன்கூடு போல அமைந்திருக்கும் சிறு தட்டிகள் மெலிந்து, சில அறுந்தும் போகின்றன. இந்த நிலையே எலும்புப்புரை நோய் என்று அழைக்கப்படுகிறது. இதில் வலி கிடையாது, வெளியே தெரியும் அறிகுறியும் கிடையாது. பலருக்கு ஓர் எலும்பு உடையும்போதுதான் நோய் இருப்பதே தெரியவருகிறது.

புகைபிடித்தல், மிகையான மது, மிக மெலிந்த உடல்வாகு, பெற்றோருக்கு இடுப்பு முறிவு நேர்ந்திருத்தல், ஆஸ்துமா அல்லது மூட்டுவாதத்திற்காக நீண்ட காலம் ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்ளுதல் ஆகியவை இந்த ஆபத்தைக் கூட்டுகின்றன. இரண்டாம் வகை நீரிழிவு நோய் உள்ளவர்களுக்கு எலும்பு அடர்த்திப் பரிசோதனை முடிவு நன்றாக இருந்தாலும் முறிவு ஆபத்து கூடுதலாக இருப்பது அறியப்பட்டுள்ளது. தெற்காசிய சமூகங்களில் நீரிழிவு பரவலாகக் காணப்படுவதால் இது கவனத்திற்குரியது.

விழுதல் என்னும் மறுபாதி

மெலிந்த எலும்பு தானாக உடைவது அரிது. இடுப்பு முறிவுகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை கீழே விழுவதால் நேர்கின்றன. 65 வயதைக் கடந்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவரும், 80 வயதைக் கடந்தவர்களில் சுமார் பாதிப் பேரும் ஆண்டுக்கு ஒருமுறையாவது விழுகிறார்கள் என்பது பிரிட்டிஷ் சுகாதாரத் துறையினரின் மதிப்பீடு.

எவ்வாறு விழுகிறார்கள் என்பதும் முக்கியம். ஐம்பது, அறுபது வயதில் விரைந்து நடக்கும்போது தடுக்கி விழுபவர் முன்புறமாக விழுந்து கைகளை ஊன்றுகிறார். அதனால் அவருக்கு மணிக்கட்டு முறிகிறது. எண்பது வயதில் மெதுவாக நடப்பவர், அல்லது நின்ற இடத்திலேயே நிலை தடுமாறுபவர், பக்கவாட்டில் சாய்கிறார். கையை நீட்டித் தாங்கும் வேகம் அவருக்கு இருப்பதில்லை. தொடையின் பக்கவாட்டு எலும்பு நேரடியாகத் தரையில் மோதுகிறது. மெலிந்தவர்களுக்கு அந்த அதிர்ச்சியைத் தாங்கும் தசையும் கொழுப்பும் அங்கே குறைவு.

பனி உறைந்த தெருக்களே இதற்குக் காரணம் என்ற எண்ணம் குளிர் நாடுகளில் பரவலாக இருக்கிறது. ஆனால் பெரும்பாலான இடுப்பு முறிவுகள் வீட்டுக்குள்ளேயே நேர்கின்றன. இரவில் கழிப்பறைக்குச் செல்லும்போதும், நாற்காலியிலிருந்து எழும்போதும் இவை நிகழ்கின்றன. தூக்க மாத்திரைகள், எழுந்து நிற்கையில் இரத்த அழுத்தம் திடீரெனக் குறைதல், தசை இழப்பு, பார்வைக் குறைவு ஆகியவை இதில் பங்கு வகிக்கின்றன.

இவற்றுள் பல சரிசெய்யக்கூடியவை. 70 வயதைக் கடந்த பெண்களிடையே பிரிட்டனின் நாட்டிங்ஹாமில் நடத்தப்பட்டு 2005ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், முதல் கண்ணுக்கு விரைவாகக் கண்புரை அறுவைச் சிகிச்சை பெற்றவர்கள் விழுவது 34 சதவீதம் குறைந்தது. உடல் சமநிலையையும் தசை வலுவையும் வளர்க்கும் பயிற்சிகள் விழுதலைச் சுமார் 23 சதவீதம் குறைப்பதாக, பல ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்த காக்ரேன் மதிப்பாய்வு 2019ஆம் ஆண்டு தெரிவித்தது.

நாட்டுக்கு நாடு ஏன் வேறுபாடு?

63 நாடுகளின் தரவுகளை ஒப்பிட்டு 2012ஆம் ஆண்டு வெளியான ஆய்வு, இடுப்பு முறிவு விகிதம் நாடுகளிடையே பத்து மடங்குக்கும் மேல் வேறுபடுவதைக் காட்டியது. பெண்களிடையே டென்மார்க், நார்வே, சுவீடன் ஆகியவை உச்சத்தில் இருந்தன. அந்த நாடுகளில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பெண்களில் 500க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். துனிசியா, ஈக்வடோர் போன்ற நாடுகளில் இது 100க்கும் குறைவாக இருந்தது.

பால் பொருட்களை மிக அதிகமாக உண்ணும் ஸ்காண்டிநேவிய மக்களிடையே ஏன் இவ்வளவு முறிவுகள் என்ற கேள்விக்கு ஒற்றை விடை கிடையாது. சூரிய ஒளிக் குறைவு, உயரமான உடல்வாகு, உடலுழைப்புக் குறைந்த நகர வாழ்க்கை, நீண்ட ஆயுள் ஆகியவை காரணங்களாகக் கூறப்படுகின்றன. மரபணு மட்டுமே காரணமாக இருக்க முடியாது என்பதற்குச் சிங்கப்பூர் ஓர் எடுத்துக்காட்டு. அங்கு 1960களுக்கும் 1990களுக்கும் இடையில் பெண்களிடையே இடுப்பு முறிவு விகிதம் ஏறக்குறைய ஐந்து மடங்காகவும், ஆண்களிடையே ஒன்றரை மடங்காகவும் உயர்ந்தது. ஒரு தலைமுறைக் காலத்தில் மக்களின் மரபணு மாறுவதில்லை. மாறியது அவர்களின் வாழ்க்கை முறை.

தெற்காசியர்களின் நிலை

பிரிட்டனில் வாழும் தெற்காசியர்களிடையே இடுப்பு முறிவு விகிதம் வெள்ளையரைக் காட்டிலும் குறைவு என்பதைப் பொது மருத்துவர்களின் பதிவுகள் காட்டுகின்றன. தெற்காசியர்களின் எலும்புகள் அளவில் சிறியவை. எலும்பு அடர்த்தி அளவீட்டில் அவை வலுக்குறைந்தவையாகத் தோன்றினாலும் முறிவுகள் அந்த அளவுக்கு நேர்வதில்லை. தொடை எலும்பின் மேற்பகுதியினுடைய நீளம் குறைவாக இருப்பது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

ஆனால் சராசரியில் ஆபத்து குறைவு என்பதால் தனிமனிதருக்கு ஆபத்து இல்லை என்றாகிவிடாது. குறிப்பாக வைட்டமின் டி பற்றாக்குறை புலம்பெயர்ந்த தெற்காசியர்களிடையே பழைய பிரச்சனை. 1960களிலும் 70களிலும் கிளாஸ்கோ போன்ற பிரிட்டிஷ் நகரங்களில் ஆசியக் குழந்தைகளிடம் ரிக்கெட்ஸ் நோயும், பெரியவர்களிடம் எலும்பு மென்மை நோயும் கண்டறியப்பட்டன. இதையடுத்து 1981ஆம் ஆண்டு ரிக்கெட்ஸ் தடுப்புப் பிரச்சார இயக்கம் ஒன்று நடத்தப்பட்டது.

கருமையான சருமம் அதே அளவு வைட்டமின் டி-யை உருவாக்கக் கூடுதல் வெயிலை வேண்டுகிறது. பிரிட்டனிலோ அக்டோபர் முதல் மார்ச் வரை அதற்குப் போதுமான வெயில் எவருக்கும் கிடைப்பதில்லை. 2016ஆம் ஆண்டு முதல் பிரிட்டிஷ் சுகாதாரத் துறை, இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் அனைவரும் நாளொன்றுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுத்துக்கொள்வது பற்றிச் சிந்திக்குமாறு ஆலோசனை வழங்கி வருகிறது. தெற்காசிய, ஆப்பிரிக்கப் பின்னணி கொண்டவர்களும், வெளியே செல்லாமல் வீட்டிலேயே இருப்பவர்களும் ஆண்டு முழுவதும் இதை எடுத்துக்கொள்வது பற்றி யோசிக்க வேண்டும் என்பது அந்த ஆலோசனையின் ஒரு பகுதி. பிள்ளைகளுடன் வாழ வந்து, குளிர்காலம் முழுவதையும் வீட்டுக்குள்ளேயே கழிக்கும் முதியவர்கள் இந்த இரண்டு வகையிலும் அடங்குகிறார்கள்.

இருப்பினும் வைட்டமின் மாத்திரை ஒன்றே தீர்வு என்று கருதுவதற்கும் ஆதாரம் இல்லை. பிரான்சின் முதியோர் இல்லங்களில் 3,270 பெண்களிடையே நடத்தப்பட்டு 1992ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், கால்சியமும் வைட்டமின் டி-யும் சேர்த்துக் கொடுக்கப்பட்டவர்களிடம் இடுப்பு முறிவு 43 சதவீதம் குறைந்தது. அதே சமயம், அமெரிக்காவில் 25 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பங்கேற்ற ஆய்வொன்றின் 2022ஆம் ஆண்டு முடிவில், வைட்டமின் டி மட்டும் எடுத்துக்கொண்ட பொதுவாக ஆரோக்கியமானவர்களிடம் முறிவுகள் குறையவில்லை. பற்றாக்குறை உள்ளவருக்குப் பயன்படுவது, பற்றாக்குறை இல்லாதவருக்குப் பயன்பட வேண்டியதில்லை என்பதே இந்த இரு முடிவுகளிலிருந்தும் பெறக்கூடிய பாடம்.

உணவின் பங்கும் குறிப்பிடத்தக்கது. ஆஸ்திரேலியாவில் 60 முதியோர் பராமரிப்பு இல்லங்களில் நடத்தப்பட்டு 2021ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், பால், தயிர், பாலாடைக்கட்டி ஆகியவற்றின் மூலம் கூடுதல் கால்சியமும் புரதமும் பெற்றவர்களிடம் இடுப்பு முறிவு 46 சதவீதம் குறைந்தது. வயதானவர்கள் இரவில் ஒரு குவளைக் கஞ்சியோடு நிறுத்திக்கொள்வது வழக்கமாக உள்ள வீடுகள் இந்த முடிவைக் கவனிக்கலாம்.

மருத்துவமனையில் கிடைத்த வெற்றி

முறிவு நேர்ந்த பின் அளிக்கப்படும் சிகிச்சையில் பிரிட்டனின் அனுபவம் பல நாடுகளால் பின்பற்றப்படுகிறது. எலும்பியல் அறுவை மருத்துவரும் முதியோர் நல மருத்துவரும் இணைந்து நோயாளியைக் கவனிக்கும் முறைக்கு, ஹேஸ்டிங்ஸ் நகரில் மைக்கேல் டெவாஸ், பாபி இர்வின் ஆகிய மருத்துவர்கள் அரை நூற்றாண்டுக்கு முன்பே வழிகாட்டினார்கள். 2007ஆம் ஆண்டு தேசிய இடுப்பு முறிவுத் தரவுத்தளம் தொடங்கப்பட்டு, ஒவ்வொரு மருத்துவமனையின் செயல்பாடும் ஒப்பிட்டு வெளியிடப்படலாயிற்று. 2010ஆம் ஆண்டு முதல், 36 மணி நேரத்திற்குள் அறுவைச் சிகிச்சை, முதியோர் நல மருத்துவரின் பரிசோதனை உள்ளிட்ட நிபந்தனைகளை நிறைவேற்றும் மருத்துவமனைகளுக்கு நோயாளி ஒருவருக்கு இவ்வளவு என்று கூடுதல் தொகை வழங்கப்பட்டது.

இங்கிலாந்தில் 2007ஆம் ஆண்டில் 10.9 சதவீதமாக இருந்த முப்பது நாள் இறப்பு விகிதம் 2011ஆம் ஆண்டில் 8.5 சதவீதமாகக் குறைந்தது. அண்மை ஆண்டுகளில் அது சுமார் 6 சதவீதமாக இருக்கிறது. இதற்குப் புதிய மருந்தோ புதிய கருவியோ காரணம் அல்ல. ஏற்கெனவே தெரிந்திருந்தவற்றைத் தவறாமல், தாமதமின்றிச் செய்ததே காரணம்.

அறுவைச் சிகிச்சையை இன்னும் விரைவுபடுத்தினால் மேலும் உயிர்கள் காப்பாற்றப்படுமா என்பதை, கனடாவிலிருந்து ஒருங்கிணைக்கப்பட்டு, இந்தியா உட்பட 17 நாடுகளில் 2,970 நோயாளிகளிடையே நடத்தப்பட்ட ஆய்வு ஆராய்ந்தது. 6 மணி நேரத்தில் சிகிச்சை பெற்றவர்களுக்கும் 24 மணி நேரத்தில் பெற்றவர்களுக்கும் இடையே இறப்பு விகிதத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2020ஆம் ஆண்டு அது தெரிவித்தது. எனினும் விரைந்து சிகிச்சை பெற்றவர்களிடம் மனக்குழப்பம் குறைவாகக் காணப்பட்டது. அவர்கள் முன்னதாகவே எழுந்து நடந்து, முன்னதாகவே வீடு திரும்பினார்கள்.

தவறவிடப்படும் எச்சரிக்கை

இடுப்பு முறிவுக்கு உள்ளாவோரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அதற்கு முன்பே மணிக்கட்டு, தோள், முதுகெலும்பு என வேறோர் எலும்பு முறிந்திருக்கிறது என்பது பல நாடுகளின் ஆய்வுகளில் தெரியவந்துள்ளது. அதாவது உடல் ஏற்கெனவே எச்சரிக்கை விடுத்திருக்கிறது. கைக்கு மாவுக்கட்டுப் போட்டு அனுப்பிய மருத்துவமனையும், வழுக்கி விழுந்ததாக மட்டுமே எண்ணிய குடும்பமும் அதை அடையாளம் காணவில்லை.

இந்த இடைவெளியை நிரப்பும் முறை ஒன்று 1999ஆம் ஆண்டு கிளாஸ்கோ நகரில் தொடங்கப்பட்டது. 50 வயதைக் கடந்த எவருக்கு எலும்பு முறிந்தாலும், அவரைத் தேடிச் சென்று, எலும்பு அடர்த்தியைப் பரிசோதித்து, மருந்து தொடங்கிக் கண்காணிப்பதே முறிவுத் தொடர்பு சேவை எனப்படும் இந்த ஏற்பாட்டின் பணி. இங்கிலாந்தின் எல்லாப் பகுதிகளிலும் இது இன்னும் கிடைப்பதில்லை. 2030ஆம் ஆண்டுக்குள் நாடு முழுவதும் விரிவுபடுத்துவதாக அரசு உறுதியளித்துள்ளது.

மருந்துகளுக்குப் பஞ்சமில்லை. எலும்பு அரிமானத்தைக் குறைக்கும் அலெண்ட்ரோனேட் மாத்திரை 1990களின் நடுப்பகுதியிலிருந்து பயன்பாட்டில் உள்ளது. இடுப்பு முறிவுக்குச் சிகிச்சை பெற்றவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை சோலெட்ரோனிக் அமிலம் செலுத்தப்பட்டபோது, புதிய முறிவுகள் 35 சதவீதமும் இறப்புகள் 28 சதவீதமும் குறைந்ததாக 2007ஆம் ஆண்டு வெளியான ஆய்வு தெரிவித்தது. இருந்தும், 19 நாடுகளை ஒப்பிட்ட 2023ஆம் ஆண்டு ஆய்வில், இடுப்பு முறிந்த ஓராண்டிற்குள் இத்தகைய மருந்து பெற்றவர்களின் விகிதம் ஜெர்மனியில் 11.5 சதவீதமாக மட்டுமே இருந்தது. மிக உயர்ந்த இடத்தைப் பிடித்த பிரிட்டனிலும் அது 50.3 சதவீதத்தைத் தாண்டவில்லை. மாரடைப்பு வந்தவரை மருந்தின்றி வீட்டுக்கு அனுப்புவதை எந்த மருத்துவமனையும் ஏற்காது. எலும்பு முறிந்தவருக்கு மட்டும் அது வழக்கமாகிவிட்டிருக்கிறது.

மருந்தை எழுதிக் கொடுப்பதோடும் வேலை முடிவதில்லை. அலெண்ட்ரோனேட் மாத்திரையை வெறும் வயிற்றில், நிறையத் தண்ணீருடன் விழுங்கி, அரை மணி நேரம் படுக்காமல் இருக்க வேண்டும். வாரத்திற்கு ஒருமுறைதான் என்றாலும் பலர் ஓராண்டிற்குள் அதை நிறுத்திவிடுகிறார்கள். விளக்கம் ஆங்கிலத்திலோ ஜெர்மன் மொழியிலோ மட்டும் கிடைக்கும்போது, தமிழ் மட்டுமே அறிந்த ஒரு முதியவர் அதைப் பின்பற்றுவது பிள்ளைகளின் கவனத்தையே சார்ந்திருக்கிறது.

முன்கூட்டியே கணிக்க முடியுமா?

பிரிட்டனின் ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் ஜான் கேனிஸ் தலைமையிலான குழு 2008ஆம் ஆண்டு வெளியிட்ட ஃப்ராக்ஸ் என்னும் கணக்கீட்டு முறை, வயது, எடை, முன்பு நேர்ந்த முறிவு, பெற்றோரின் வரலாறு போன்ற சில விவரங்களைக் கொண்டு, அடுத்த பத்து ஆண்டுகளில் ஒருவருக்கு இடுப்பு முறிவு நேரும் வாய்ப்பைக் கணிக்கிறது. நாட்டுக்கு நாடு இதன் கணக்கு வேறுபடுகிறது. சிங்கப்பூருக்குச் சீனர், மலாய்க்காரர், இந்தியர் என மூன்று தனிக் கணக்கீடுகள் உள்ளன. எல்லா நாடுகளிலும் இத்தகைய பிரிவு இல்லை. மேலும், நீரிழிவு உள்ளவர்களின் ஆபத்தை இம்முறை குறைத்து மதிப்பிடுவதாக மருத்துவர்கள் சுட்டிக்காட்டுகிறார்கள். குறைகள் இருந்தாலும், செலவின்றிச் சில நிமிடங்களில் செய்யக்கூடிய இந்தக் கணிப்பு, யாருக்கு மேற்கொண்டு பரிசோதனை தேவை என்பதைக் காட்டுகிறது.

புலம்பெயர்ந்த தமிழர்களுக்கு இது இரண்டு இடங்களைப் பற்றிய கவலையாக இருக்கிறது. 2011ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 10.4 சதவீதத்தினரும், 2012ஆம் ஆண்டு கணக்கெடுப்பின்படி இலங்கை மக்களில் 12.4 சதவீதத்தினரும் 60 வயதை எட்டியவர்கள். அதன் பின்னர் இந்த விகிதங்கள் மேலும் உயர்ந்துள்ளன. பிள்ளைகள் வெளிநாடுகளில் இருக்க, ஊரில் தனியே வாழும் பெற்றோர் விழுந்தால் உடனடியாகத் தூக்கிவிட ஆள் இல்லாத வீடுகள் அங்கே பெருகி வருகின்றன.

வயதானால் எலும்பு உடைவது இயல்பு என்ற எண்ணமே இந்த விடயத்தில் மிகப் பெரிய தடையாக இருக்கிறது. முறிவுக்குப் பிந்தைய இறப்புகளைக் குறைக்க முடியும் என்பதை பிரிட்டனின் மருத்துவமனைகள் பதினைந்து ஆண்டுகளுக்குள் நிரூபித்துவிட்டன. முதல் முறிவின் எச்சரிக்கையைக் கேட்டு இரண்டாவதைத் தடுப்பதற்கு அதே ஒழுங்கு வீடுகளுக்கும் பொது மருத்துவர்களின் அறைகளுக்கும் வந்து சேருமா என்பதே இனி எஞ்சியிருக்கும் கேள்வி.